தோல் வணிகமும் உயர்நிலைப் பள்ளியும்: பாலாற்றங்கரைக் கல்வி வரலாற்றின் ஒரு பகுதி

வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும் கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையிலும் பாலாற்றை ஒட்டி நீளும் நிலப்பரப்பு, இன்று வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருப்பினும், 2019 வரை ஒரே மாவட்டமாகவும் அதற்கு முன்னர் பழைய வட ஆர்க்காட்டின் பகுதியாகவும் இருந்தது. இப்பகுதியின் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளிகள் வேரூன்றியதற்கு அரசின் முயற்சியை மட்டும் காரணமாகக் கூற இயலாது. அவற்றின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் தோல் வணிகத்தின் ஏற்ற இறக்கங்களோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் பதனிட்டு அரைப்பக்குவத் தோலாக ஏற்றுமதி செய்வதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு நிலைபெற்ற தொழில்முறையாகும். லண்டன் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர்பெற்ற இச்சரக்கு, சென்னைப் பெரியமேட்டின் தோல் மண்டிகள் வழியாகவே கப்பலேறியது. கடல்கடந்த வணிகத்துக்கு ஆங்கிலக் கடிதங்களும் தந்திகளும் சுங்க ஆவணங்களும் இன்றியமையாதனவாக இருந்தமையால், குடும்பத்துக்குள்ளேயே ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் இருக்க வேண்டிய தேவையும் வணிகர்களுக்கு வளர்ந்தது.

ஆங்கிலக் கல்வியை இப்பகுதியில் முன்னதாக வழங்கியவை கிறித்தவ மிஷன்களே. 1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, தனியார் நடத்தும் பள்ளிகளின் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கும் ‘உதவி மானிய’ முறை நடைமுறைக்கு வந்தது. 1853-இல் நிறுவப்பட்ட அமெரிக்க ஆர்க்காடு மிஷன் இம்முறையின் துணையோடு பள்ளிகளை நடத்தி, 1898 முதல் வேலூரில் ஊரிஸ் கல்லூரியையும் நடத்திவந்தது. 1895-இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன் ஆம்பூருக்கும் பரவியது; அங்குள்ள கன்கார்டியா பள்ளி அம்மிஷன் வழிவந்ததாகும்.

முஸ்லிம் வணிகர்களோ தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வியும் வேண்டும், அது சமயக் கல்விக்கு ஊறு செய்யாமலும் இருக்க வேண்டும் என்று கருதினர். 1902-இல் சென்னையில் தோன்றிய தென்னிந்திய முகமதியக் கல்விச் சங்கம் இக்கருத்துக்கு ஓர் அமைப்பு வடிவம் தந்தது. எனினும், ஊர்களில் அது நிறைவேறுவதற்கு வேண்டிய பெரும்பொருள் முதல் உலகப் போரின்போதே சேர்ந்தது. படைவீரர்களின் காலணிகளுக்காகப் பிரிட்டிஷ் அரசு கிழக்கிந்தியத் தோலைப் பெருமளவில் வாங்கியமையால் வணிகம் செழித்தது. 1918-இல் மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம், 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1924-இல் ஆம்பூருக்கு அருகே தோல் வணிகர் காகா முஹம்மது உமர் நிறுவிய ஜாமியா தாருஸ்ஸலாம் என்னும் அரபிக் கல்லூரி ஆகியவை அடுத்தடுத்துத் தோன்றியதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. மேல்விஷாரத்தின் வணிகரும் கொடையாளருமான நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) இத்தலைமுறையின் முதன்மையான பிரதிநிதியாவார். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1965-இல் அவ்வூரில் தொடங்கப்பட்டது.

விருதுநகர் நாடார் வணிகர்கள், சரக்கின்மீது விதிக்கும் மகமையையும் வீடுதோறும் திரட்டும் பிடியரிசியையும் கொண்டு நடத்திய க்ஷத்திரிய வித்யாசாலை இம்முயற்சியோடு ஒப்பிடத்தக்கது. இரண்டிடங்களிலும் பள்ளி ஊரின் பொதுச்சொத்தாக எண்ணப்பட்டது. அதன் நிர்வாகக் குழுவில் இடம்பெறுவது ஊரில் பெறும் மதிப்பின் அளவுகோலாயிற்று. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம், கன்கார்டியா, இந்து மேல்நிலைப் பள்ளி என மூன்று சமயச் சார்புடைய பள்ளிகள் அருகருகே நிலைத்திருப்பது, சமூகங்களுக்கிடையே கல்வியில் நிலவிய போட்டியையும் காட்டுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த லப்பை முஸ்லிம் வணிகக் குடும்பங்களுள் பல இவ்வட்டாரத்தில் உருதுவுக்கு மாறியபோது, அம்மொழிக்கு எழுத்தும் தேர்வும் தந்து அம்மாற்றத்தை நிலைப்படுத்தியதில் பள்ளிகளுக்கும் பங்குண்டு.

ஆனால் இப்பள்ளிகளுக்குப் பொருள் ஈட்டித் தந்த உழைப்பு பெரும்பாலும் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்த ஆதிதிராவிடர்களுடையது. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி முதலில் மிஷன் பள்ளிகள் வழியாகவும், 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை தொடங்கிய பள்ளிகள் வழியாகவுமே கிட்டியது. அத்துறையின் பெயரில் ‘தொழிலாளர்’ என்ற சொல் இருப்பினும், ஒடுக்கப்பட்ட சாதியினரின் நலனே அதன் முதன்மைப் பணியாக இருந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அம்மரபில் வந்தவை.

விடுதலைக்குப் பின், வணிகர் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் இடையிலான இக்கல்விப் பிளவு படிப்படியாகக் குறைந்தது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதும், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் பலகையும் கட்டடமும் கொடையளித்ததும், செல்வர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த கொடைப் பொறுப்பை எளியவர்களிடமும் கொண்டுசேர்த்தன. நிர்வாகம் தனியாரிடமும் ஆசிரியர் ஊதியம் அரசிடமும் இருக்கும் ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்ற ஏற்பாடு உறுதிப்பட்டபின், தோல் விலை வீழ்ந்த ஆண்டுகளிலும் வகுப்புகள் தடையின்றி நடந்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது இவற்றுள் பல மேல்நிலைப் பள்ளிகளாக உயர்ந்தன.

தொழிலும் இதற்கிடையே உருமாறியது. 1970-களில் அரைப்பக்குவத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததைத் தொடர்ந்து ஆம்பூர் காலணி உற்பத்திக்குத் திரும்பியது. சுற்றுக்கிராமப் பெண்கள் திரளாக அத்தொழிற்சாலைகளுக்குச் செல்லத் தொடங்கினர். பாலாற்றுப் பகுதியின் நீரும் நிலமும் தோல் கழிவால் கெட்டதை முன்னிறுத்திய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. பள்ளிகளைப் பொறுத்தவரை, 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் உருதுவழிப் பள்ளிகள் மாநில மொழியோடு கொள்ளும் உறவைப் புதிதாக வரையறுத்தது.

இவற்றை ஒருசேர நோக்கினால், இப்பள்ளிகளின் வரலாற்றைக் கொடையாளர் வரலாறாக மட்டும் எழுதுவது போதாது என்பது தெளிவாகும். வணிகரின் ஆதாயம், மிஷனின் முன்னோடிப் பணி, அரசின் ஊதியம் ஆகியவற்றோடு, தொட்டித் தொழிலாளியின் உழைப்பும் ஆற்றின் இழப்பும் அவற்றின் முதலீட்டில் அடங்கியுள்ளன. கல்வெட்டில் பெயர் பெறாத இப்பின்னிரண்டும் கணக்கில் ஏறும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.