குப்பிவிளக்கும் கூட்டுழைப்பும்

தொண்டைமானாறு என்றதும் செல்வச்சந்நிதியே பலர் நினைவில் எழும். நாமோ அங்கு அறிவியல் ஆசிரியர்கள் கூடி வளர்த்த வெளிக்கள நிலையத்தை எண்ணுகிறோம். உயர்தர மாணவர்க்குப் பயிற்சிப் பரீட்சைகள் நடத்தி அது வழிகாட்டிற்று. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் அற்றது, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயூற்றித் திரியேற்றி, மாணவர் வீட்டிலிருந்தே கற்றனர். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட, மீண்டும் வீடே வகுப்பறையாயிற்று. இம்முறை ஏழைக்கு எட்டாதிருந்தது கைப்பேசி.

ஊக்கம் தனிமனிதக் குணமென்பர் சிலர். அது பாதி உண்மையே. தம் விடையைத் திருத்த ஓர் ஆசிரியர் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கையன்றோ மாணவரைப் படிப்பில் நிலைநிறுத்துவது! அந்நம்பிக்கையை எல்லார்க்கும் அளிப்பது சமுதாயத்தின் கடன், சிலரின் ஈகையன்று.