இன்ஜினை நம்பாதீங்க, ஃபிரேமைப் பாருங்க

அமெரிக்காவில் ஏதோ ஒரு பழைய ஷெட்டில் ஒரு கோ-கார்ட் கிடைக்குதுன்னு வைங்க. நாலு குட்டிச் சக்கரம், கிழிஞ்ச சீட், துருப்பிடிச்ச பைப் ஃபிரேம். பேர் எங்கேயும் இல்லை. யார் செஞ்சது, எந்த வருஷம்? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதுக்கு 1956-க்குப் போகணும். தெற்குக் கலிஃபோர்னியாவில் ரேஸ் கார் கட்டின கர்டிஸ் கிராஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஆர்ட் இங்கல்ஸ். லூ போரெல்லியோட சேர்ந்து முதல் கார்ட்டை உருவாக்கினார். போட்டது, புல்வெட்டும் மெஷினுக்காகச் செஞ்ச வெஸ்ட் பெண்ட் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பசடேனாவில் ரோஸ் பவுல் ஸ்டேடியம் பார்க்கிங்கில் ஓட்டினாங்க. பார்த்தவங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. டஃபி லிவிங்ஸ்டனும் கூட்டாளிகளும் கம்பெனி தொடங்கி, வீட்டிலேயே பூட்டிக்கிற கிட்டாக வித்தாங்க. பல பேர் தாங்களே பைப் வளைச்சுச் செஞ்சாங்க. 1959-இல் மெக்கல்லக் கம்பெனி, மரம் அறுக்கிற செயின்சா இன்ஜினில் இருந்து எம்சி-10-ஐக் கொண்டு வந்தது.

இங்கதான் சிக்கல். கார்ட்டில் இன்ஜின் நாலு போல்ட், ஒரு செயின், அவ்வளவுதான். நம்ம பாஷையில் சொன்னா பிளக்-இன். வேகம் பத்தலைன்னா கழட்டி வேற மாட்டிடுவாங்க. அதனால எம்சி-10 இருக்குங்கிறதால அது 1959 வண்டின்னு சொல்லிட முடியாது.

நிஜமான சாட்சி ஃபிரேம்தான். பைப் எங்க வளையுது, ஸ்டீயரிங் கம்பியை எது தாங்குது, முன்சக்கர ஸ்பிண்டில் எப்படி ஒட்டியிருக்கு, இதையெல்லாம் பழைய விளம்பரப் படங்களோட ஒப்பிடணும். இன்ஜின் உட்காரும் தகட்டில் தேவைக்கு மேல துளை இருந்தா, அங்க முன்னாடி வேற இன்ஜின் இருந்திருக்கலாம். பெயிண்ட்டுக்கு அடியில இன்னொரு பெயிண்ட் இருக்கலாம்.

ஆனா ரெஸ்டோர் பண்றவங்களுக்கு வர்ற முதல் ஆசை என்ன? சாண்ட்பிளாஸ்ட் அடிச்சு, துளையெல்லாம் வெல்டிங்கில் அடைச்சு, பளபளன்னு பெயிண்ட் அடிக்கிறது. வண்டி அழகாயிடும், சாட்சி மொத்தமும் போயிடும். பேக்கப் எடுக்காம டேட்டாபேஸை அழிக்கிற மாதிரி! முதல்ல போட்டோ, அப்புறம் அளவு, அதுக்கப்புறம்தான் ஸ்பேனர்.

அதுக்காக விரிசலையும் பாதுகாக்கணும்னு நான் சொல்லலை. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, ஃபிரேமே வளைஞ்சு கொடுத்துத்தான் அதிர்ச்சியைத் தாங்குது. ஓட்டப் போறீங்கன்னா ஸ்பிண்டில் பக்கத்துல உள்ள விரிசலைக் கண்டிப்பா வெல்டு பண்ணணும். இறுகிப்போன பழைய டயரைச் சுவரில் மாட்டிட்டு, புதுசு போட்டு ஓட்டுங்க. அந்தத் தேவையில்லாத துளைகளை மட்டும் அப்படியே விட்டுடுங்க.