தனித்தட்டு: வீட்டிலேயே ஆறிய காசநோயின் கதை

இந்த எபிசோடை ஆரணியில இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி 'டக் டக்'னு ஒரு சத்தம் கேட்டா அது மைக் பிரச்சினை இல்ல, பக்கத்து வீட்டுத் தறி. எடிட் பண்ணி எடுக்க மனசு வரல.

எங்க தாத்தா பட்டு நெசவாளி. 1974-ல அவருக்குக் காசநோய். வீட்டுல அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டாங்க. 'நெஞ்சுல சளி'ன்னுதான் ஆயா இப்பவும் சொல்லும். குழித்தறி போக மிச்சம் இருந்த இடத்துல ஆறு பேர் படுக்கணும். அந்த வீட்டுலயே, ஒரு வருஷத்துக்கு மேல ஊசி மாத்திரைன்னு இருந்து தாத்தா தேறினார். அவரை ஏன் யாரும் ஆஸ்பத்திரியில சேர்க்கல? கையில காசு இல்லாததுதான் காரணம்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். உண்மையான காரணம் சேத்துப்பட்டுல இருந்திருக்கு. இங்க பக்கத்துல இருக்கிற சேத்துப்பட்டு இல்ல, சென்னை சேத்துப்பட்டு.

1950-கள் வரைக்கும் டிபின்னா சானடோரியம்தான். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷனைத் தாண்டுறோமே, 1928-ல டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கினது அது. ஆனா நாட்டுல நோயாளிகள் பல லட்சம், கட்டில்களோ ரொம்பக் குறைவு. இதுக்கு நடுவுல மருந்து வந்துடுச்சு. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952-ல ஐசோனியாசிட். அப்போ ஒரு கேள்வி எழுந்தது: மருந்து இருக்கும்போது கட்டில் எதுக்கு?

1956-ல சேத்துப்பட்டுல ஒரு ஆய்வு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாலு பேரும் சேர்ந்து. அதை நடத்த லண்டன்ல இருந்து வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ், முப்பதுகளில் இருந்த ஒரு நெஞ்சக நோய் மருத்துவர். கூட வேலை செஞ்சவங்க தேவதத்தா, ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு. ஆய்வுக் கட்டுரைகள்ல இந்தப் பேர்கள் வரிசையா வரும். ஃபாக்ஸைப் பத்தி எழுதுறவங்க பல பேர் இவங்களை விட்டுடுறாங்க, அதனால இங்க சொல்லி வைக்கிறேன்.

நகரத்தோட ஏழை நோயாளிகள் 193 பேர். யார் சானடோரியம், யார் வீடுன்னு டாக்டர் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல் மாதிரிதான் பிரிக்கணும். நம்ம பாஷையில ஏ/பி டெஸ்ட். ஆனா நாம பட்டன் கலரை மாத்திப் பார்க்கிறோம், இங்க தோத்தா ஆள் செத்துப்போவார். ரெண்டு குழுவுக்கும் ஒரே மருந்து, பாஸும் ஐசோனியாசிட்டும், 12 மாசம். சானடோரியத்துல நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, நர்ஸ். வீட்டுல நெரிசல், அரை வயிறு, பல பேருக்கு வேலைக்கும் போக வேண்டிய நிலைமை.

1959-ல முடிவு வெளியாச்சு. ஒரு வருஷ முடிவுல நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தப்போ அந்தச் சின்ன வித்தியாசமும் காணாமப் போச்சு.

ஆனா எனக்குப் பெரிசாப் பட்டது 1960-ல வந்த இன்னொரு கட்டுரை. நோயாளியை வீட்டுலயே வெச்சிருந்தா கூட இருக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டிக்காதா? வீட்டு ஆட்களையும் தொடர்ந்து பரிசோதிச்சாங்க. நோயாளி சானடோரியத்துக்குப் போன குடும்பங்களை விட, வீட்டுலயே இருந்த குடும்பங்கள்ல புதுசா நோய் வந்தது அதிகம் இல்ல. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுடுது. மருந்து ஆரம்பிச்சதும் ஆபத்து வேகமாக் குறையுது.

ஃபாக்ஸுக்கு இதுல கண்மூடித்தனமான சந்தோஷம் இல்ல. மாத்திரையைக் கொடுத்து அனுப்பினா மனுஷன் அதை முழுங்குவானா? சொல்லாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சாங்க. யூசர் சொல்றதை விட லாக் சொல்றதை நம்புற ஆள். இதைப் பத்தி 1958-லயே தனியா ஒரு கட்டுரை எழுதினார். கண் முன்னாலயே மருந்து கொடுக்கிற முறையை மெட்ராஸ்ல சோதிச்சாங்க. 'டாட்ஸ்' திட்டத்தோட வேர்கள்ல இதுவும் ஒண்ணு. 1961-க்குப் பிறகு லண்டன் திரும்பி, அங்க ஆய்வுப் பிரிவை நடத்தினார். ஒன்றரை வருஷ சிகிச்சையை ஆறு மாசமாச் சுருக்கின ஆய்வுகள்ல டெனிஸ் மிச்சிசனோட சேர்ந்து முக்கியப் பங்கு அவருக்கு. 2010-ல காலமானார்.

1962-ல வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பித்தான் கட்டப்பட்டது. தாத்தா வீட்டுலயே இருந்தது அதனாலதான். ஆனா திட்டத்துல ஒரு ஓட்டை. மெட்ராஸ்ல ஜெயிச்சது மாத்திரை மட்டும் இல்ல, வீடு வீடாப் போய்ப் பார்த்த அந்த உழைப்பும்தான். நாடு முழுக்கப் பரப்பினப்போ மாத்திரை போச்சு, கூடப் போக வேண்டிய ஆள் போகல. 1992-ல ஆய்வு பண்ணினப்போ பாதிப் பேர்கூட சிகிச்சையை முடிக்கலைன்னு தெரிஞ்சது.

இன்னொரு தப்பும் நடந்தது. 'மருந்து போதும், சாப்பாடு முக்கியம் இல்ல'ன்னு மெட்ராஸ் முடிவைப் படிச்சுட்டாங்க. மருந்து எடுத்தவங்க குணமாக நல்ல உணவு கட்டாயம் இல்லைன்னுதான் அது காட்டுச்சு. நோய் வராம இருக்கிறதைப் பத்தி அது பேசவே இல்ல. 2023-ல ஜார்க்கண்ட்ல இருந்து வந்த 'ரேஷன்ஸ்' ஆய்வுல, நோயாளியோட குடும்பத்துக்கு உணவுப்பொருள் கூடுதலாக் கொடுத்தப்போ அந்த வீடுகள்ல புதுசா வர்ற டிபி 39 சதவீதம் குறைஞ்சது.

நேத்து இதெல்லாம் ஆயாகிட்ட சொன்னேன். தாத்தாவோட தட்டு, டம்ளர் எல்லாத்தையும் தனியா வெச்சிருந்ததாம். அம்மாவுக்கு அப்போ ஆறு வயசு, தாத்தா மடியில உக்கார விடலயாம். ரெண்டு வருஷம். "அப்பவே ஒட்டாதுன்னு தெரிஞ்சிருந்தா உக்கார விட்டிருப்பியா ஆயா?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எங்கிட்ட யாருடா வந்து சொன்னாங்க?"ன்னு கேட்டுச்சு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.