சக்கரம் ஒன்று, சட்டை பல

நெய்வேலி சுரங்கத்தின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பல மாடி உயரத்துக்கு ஒரு ராட்சத இயந்திரம். அதன் மூக்கில் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம். சக்கரம் முழுக்க வாளிகள், வாளிகளின் விளிம்பில் இரும்புப் பற்கள். 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய ஜாதி இது. சொந்த ஊரின் இளகிய மண்ணை வெண்ணெய் மாதிரி வழித்தெடுத்த இயந்திரம், நம்மூர் கடலூர் மணற்பாறையில் திணறிவிட்டது. பற்கள் மளமளவென்று தேய்ந்தன. நம்மவர்கள் பாறையை முதலில் வெடி வைத்துத் தளர்த்தினார்கள். பல் தேய்ந்தால் பல்லை மட்டும் கழற்றி மாற்றினார்கள். அதற்காக இயந்திரத்தையே யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை.

மாற்ற வேண்டியதை மட்டும் மாற்று, மீதியைத் தொடாதே. இன்றைக்கு உலக ராணுவங்களின் கவச வண்டிகளை ஆட்டிப் படைப்பது இதே சூத்திரம்தான். 'மாடுலர்' என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள். நம் வீட்டு முறுக்கு நாழிதான், வேறொன்றுமில்லை! குழல் ஒன்று, அடியில் போடும் வில்லையை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா.

கவச வண்டி என்றதும் உங்களுக்கு ஆவடி டாங்கி ஞாபகம் வரும். அது செயினில் ஓடுவது. சேற்றிலும் மணலிலும் அதுதான் ராஜா. ஆனால் தார் ரோட்டில் ஐந்நூறு கிலோமீட்டர் போகச் சொன்னால், ரயிலிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்டிப் போனால் செயினும் தேயும், ரோடும் பெயரும். சக்கர வண்டிக்கு அந்தக் கவலை கிடையாது. தானே ஓடிப் போய்விடும். எட்டுச் சக்கரத்தில் ஒன்றிரண்டு போனாலும் நொண்டிக்கொண்டே திரும்பி வரலாம்.

சரி, பட்டாளத்துக்கு ஒரே வகை வண்டி போதுமா? ஆள் ஏற்ற ஒன்று, பீரங்கி பொருத்த ஒன்று, காயம்பட்டவரைத் தூக்கிவர ஒன்று, தளபதி உட்கார்ந்து கட்டளையிட ஒன்று என்று வேண்டும். பி.காம். படித்த என் மூளைக்கு உடனே தோன்றுவது கோடவுன் கணக்கு. நாலு வகை வண்டி என்றால் நாலு வகை இன்ஜின், நாலு வகை கியர் பாக்ஸ், நாலு வகை மெக்கானிக். லடாக் மலையில் ஒரு வண்டி நின்றுபோய், அதற்கான ஸ்பேர் புனேயில் கிடந்தால்? அங்கே சிக்கிக் கிடப்பது வெறும் இரும்பு அல்ல, உள்ளே இருக்கும் பத்துப் பேர்.

இதற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து கண்ட விடை, 'பாக்ஸர்'. கீழே இன்ஜினும் எட்டுச் சக்கரங்களும். மேலே தனியாகக் கழற்றக்கூடிய கவசப் பெட்டி. ஆள் பெட்டியை இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் பெட்டியை ஏற்ற ஒரு மணி நேரம் போதும். ஜெர்மன் ராணுவத்துக்கு 2009-ல் கிடைத்தது; 2011-ல் ஆப்கானிஸ்தானுக்கே போனது. நடுவில் 2003-ல் கழன்றுகொண்ட பிரிட்டன், 2018-ல் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரு சங்கடம். பெட்டி மாற்ற கிரேன் வேண்டும். குண்டு விழுகிற இடத்தில் கிரேனுக்கு எங்கே போவது? எடையோ 30 டன்னைத் தாண்டும். ஆற்றில் இறக்கினால் நீந்தாது.

நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள். மகாராஷ்டிர மாநிலம் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் வாகன ஆராய்ச்சி நிலையமும் டாடா மோட்டார்ஸும் கைகோத்து உருவாக்கிய எட்டுச் சக்கர வண்டி, 2014-ல் டெல்லி ராணுவக் கண்காட்சியில் 'கெஸ்ட்ரல்' என்ற பெயரில் வெளியே வந்தது. 'வாப்' என்றும் சொல்வார்கள். இதில் பெட்டி மாற்றும் வித்தை கிடையாது. அடிப்பாகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மேலே எது வேண்டுமோ அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுவார்கள். பி.எம்.பி.-2 வண்டியின் பீரங்கிக் கோபுரத்தை வைத்தால் சண்டை வண்டி. கருவிகளை வைத்தால் நச்சுவாயுவையும் கதிர்வீச்சையும் மோப்பம் பிடிக்கும் வண்டி. கனம் குறைவு என்பதால் தண்ணீரிலும் நீந்தும். 2022 ஏப்ரலில் இதன் காலாட்படை வடிவம் நம் ராணுவத்துக்கு வந்து சேர்ந்தது.

டாடாவுக்கு இது புது வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் தொழிற்சாலைகளுக்குத் தங்கள் நாட்டுத் தேவையைக் கவனிக்கவே நேரமில்லை. இந்தியப் படைகளுக்குக் கவச வண்டி யார் தருவது? கனடாவிலிருந்து சேஸிஸ் கப்பலில் வந்தது. ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை கவசத் தகடு உருக்கிக் கொடுத்தது. ரயில்வே பட்டறையில் இரண்டையும் சேர்த்துப் பூட்டினார்கள். 'டாடாநகர்' என்றே அதற்குச் செல்லப் பெயர். 1940 முதல் 1944 வரை 4,600-க்கும் மேல் தயாரித்துத் தள்ளினார்கள். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் நம் சிப்பாய்களைச் சுமந்தது அதுதான்.

கவனியுங்கள். அன்று சட்டை நம்முடையது, சக்கரம் கனடாவுடையது. கப்பல் மூழ்கினால் ஜாம்ஷெட்பூரில் தகடு அடுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்று காட்சி மாறியிருக்கிறது. 2024 செப்டம்பரில் மொராக்கோவுடன் டாடா ஒப்பந்தம் போட்டது. அடுத்த செப்டம்பரில் அங்கே பெர்ரெஷித் என்ற ஊரில் தொழிற்சாலையே திறந்தாயிற்று. நம் ராணுவ அமைச்சர் ராஜ்நாத் சிங் நேரில் போயிருந்தார். ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பாகங்கள் உள்ளூரில். பிறகு பாதி வரை உயரும் என்று பேச்சு. அன்றைய ஜாம்ஷெட்பூரின் இடத்தில் இன்று மொராக்கோ. அன்றைய கனடாவின் இடத்தில் நாம்.

மார் தட்டிக்கொள்ளலாமா? தட்டலாம், கொஞ்சம் மெதுவாக. வண்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே உறுமுவது அமெரிக்கப் பெயர் தாங்கிய கம்மின்ஸ் இன்ஜின். நாழி நம்முடையதாகிவிட்டது. அழுத்திப் பிழிகிற கை இன்னும் வெளியூர்க்காரருடையது.