பக்கத்து வீட்டுக் கடியும் எங்கள் வீட்டு மோர்க்குழம்பும்

1963-ஆம் ஆண்டு தில்லி லோதி காலனியில் எங்களுக்கு அரசாங்கக் குடியிருப்பு கிடைத்தபோது எனக்கு எட்டு வயது. குடிவந்த இரண்டாம் நாள், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு பித்தளைத் தூக்கில் மஞ்சளாக எதையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "என்னம்மா அது?" என்று கேட்டேன். "கடியாம்" என்றாள் அம்மா. "யாரு கடிச்சா?" என்றான் தம்பி. அன்று தொடங்கிய சிரிப்பு எங்கள் வீட்டில் முப்பது வருடம் ஓடியது. அந்தப் பெயரைக் கேட்டால் சிரிக்காத தமிழ்க் குழந்தை தில்லியில் இருந்திருக்க முடியாது.

தூக்கைத் திறந்து பார்த்த அப்பா சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. "இது நம்ம மோர்க்குழம்புடீ. வடையைப் போட்டுக் கெடுத்து வெச்சிருக்கா."

கெடுத்தது யார், காத்தது யார் என்பது அவ்வளவு சுலபமாகத் தீரும் வழக்கன்று. புளித்த தயிரைக் காய்ச்சிக் குழம்பாக்கும் வழக்கம் இந்நாட்டில் ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் உண்டு. கன்னடத்தில் மஜ்ஜிகெ ஹுளி, தெலுங்கில் மஜ்ஜிக புலுசு, மலையாளத்தில் புளிசேரி, குஜராத்தில் வெல்லமிட்ட இனிப்புக் கடி. நமக்கோ சங்க இலக்கியமே சாட்சி. குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு புதுக்குடித்தனத்தைக் காட்டுகிறார். கட்டித் தயிரை விரலால் பிசைந்த பெண், அந்தக் கையைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. புளிப்புக் குழம்பு வைத்துப் பரிமாறுகிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. அது மோர்க்குழம்பே என்று பொருள் கொள்வோர் உண்டு. நான் அந்தக் கட்சி.

இதைப் பார்த்துவிட்டு வந்து பிறந்த வீட்டில் இருக்கும் தாயிடம் சொல்பவள் செவிலித்தாய் என்பதைக் கவனிக்க வேண்டும். மணமாகிப் போன பெண் அங்கே என்ன சமைக்கிறாளோ, மாப்பிள்ளை சாப்பிடுகிறாரோ இல்லையோ என்ற கவலை அன்றும் இருந்திருக்கிறது. நம் தாய்மார்கள் இன்லண்டு கடிதத்தில் கேட்டதை அந்தத் தாய் ஆள் அனுப்பிக் கேட்டறிந்தாள்.

ஆனால் அந்தப் பெண்ணின் குழம்பில் மிளகாய் கிடையாது. 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கான மிளகாய் இந்தியாவில் பரவியது. தெரிந்த காரப்பொருளான மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து "மிளகாய்" என்று நாம் அதற்குப் பெயர் வைத்துக் குடியேற்றினோம். பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சியாக இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டதே 2020-இல்தான். ஆக, "கலப்பில்லாத நம்ம ஊர்க் குழம்பு" என்று மார்தட்டுவோர் முதலில் தம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

சாம்பாரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மும்பைத் தமிழன்பர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். சிவாஜியின் மகன் சம்பாஜி தஞ்சைக்கு விருந்தாளியாக வந்தாராம், ஆம்டிக்குப் போடக் கோகம் தீர்ந்துபோனதால் ஷாஹஜி மன்னர் புளியைக் கரைத்து ஊற்றினாராம், அதுவே சாம்பாராம். கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷாஹஜி பட்டமேறியது 1684-இல், சிறு பிராயத்தில். சம்பாஜி ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டது 1689-இல். இடைப்பட்ட ஐந்தே வருடங்களில், மொகலாயப் படை தக்காணத்தில் தலைக்குமேல் நிற்கும்போது, அவருக்குத் தஞ்சாவூர் போய்ச் சாப்பிட்டுவர நேரம் ஏது? "சம்பாரம்" என்ற சொல் மசாலைப் பொருள்களைக் குறித்துத் தமிழில் முன்பே வழங்கியது. ஆம்டிக்கும் சாம்பாருக்கும் தஞ்சையில் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கலாம்; மராட்டியர் அங்கே ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆண்டவர்கள். அது அடுக்களைகளில் மெள்ள நடந்திருக்கும், ஒரே விருந்தில் அல்ல.

மெள்ள நடப்பது எப்படி என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

பக்கத்து வீட்டு அம்மாளை எல்லோரும் பீஜி என்போம். அவர் லாயல்பூர்க்காரர். அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது, 1977-இலிருந்து அதற்குப் பெயர் ஃபைசலாபாத். 1947-இல் கைக்குழந்தையோடு வந்தவர். சமையல் குறிப்பென்று தாளில் எதுவும் கொண்டுவரவில்லை. எங்கள் அம்மா தஞ்சை ஜில்லாவிலிருந்து டிரங்குப் பெட்டியில் "சமைத்துப் பார்" கொண்டுவந்திருந்தாள். எஸ். மீனாட்சி அம்மாள் அதை 1951-இல் வெளியிட்டதே, உறவுப் பெண்கள் ஓயாமல் கடிதம் எழுதிப் பக்குவம் கேட்டதால்தான் என்பார்கள். அதில் அளவெல்லாம் ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. தில்லிக் கடைக்காரருக்குத் தெரிந்ததோ பாவ், சேர். அரசாங்கமோ 1958 முதல் கிலோவைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. துவரம்பருப்பு வாங்கப் போன அப்பா மூன்று கணக்கையும் குழப்பி, நான்கு மாதத்துக்கான பருப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

கடிக்கு ஈடாக அம்மா மோர்க்குழம்பு கொடுத்தாள். பீஜிக்குப் பிடித்துவிட்டது. பக்குவம் கேட்டார். அம்மாவுக்கு அப்போது தெரிந்த இந்தி நாற்பது வார்த்தை இருக்கும். கையாலும் கண்ணாலும் சொன்னாள். மறுநாள் பீஜி பாத்திரத்தோடு வந்து நின்றார். உள்ளே தண்ணீர் வேறு, திப்பி திப்பியாகத் தயிர் வேறு. "ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன், உன் குழம்பு என்னை ஏமாற்றிவிட்டது" என்றார். அதே வாரம் அம்மா கடி வைத்தாள். நுரை கட்டியதும் வழக்கம்போல இறக்கிவிட்டாள். பச்சைக் கடலைமாவு வாடை வீடெங்கும். அப்பா வாய் திறக்காமல் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

இரண்டிலும் தயிர் ஒன்றே, விதி நேர்மாறு. புளித்த தயிரைச் சூடாக்கினால் திரிந்துபோகும். கடியில் கடலைமாவு நிறைய. மாவின் பசை தயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் திரியாது. கொதிக்காவிட்டால்தான் மாவு வேகாது. நம் குழம்பிலோ ஊறவைத்த பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்ட விழுது மட்டுமே, அந்தப் பிடிமானம் போதாது. பொங்கி வரும்போதே அடுப்பை விட்டு இறக்கியாக வேண்டும். இதை இரண்டு பெண்களும் ஆளுக்கு இரண்டு பாத்திரத்தை வீணாக்கிக் கண்டுபிடித்தார்கள். அம்மா பீஜியின் அடுப்பு முன்னால் நின்று, நுரை ஏறிய கணத்தில் "போதும், போதும்!" என்று கத்தி இறக்க வைத்தாள்.

பிறகு கலப்பு தொடங்கியது. தேங்காய் விலைக்குப் பயந்து அம்மா அதைப் பாதியாக்கி, ஒரு ஸ்பூன் கடலைமாவு கரைத்து விட்டாள். வெண்பூசணி வாங்கப் போனால், ஆக்ரா பேட்டா மிட்டாய் செய்யவா என்று கறிகாய்க்காரர் கேட்பார். அதனால் பாதி நாள் சுரைக்காய்தான். குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடி மொட்டையாக நிற்கும், அந்த மூன்று மாதம் கொத்துமல்லித் தழை. பீஜி தம் பங்குக்குப் பகோடாவை விட்டுவிட்டு, அம்மாவின் பருப்புருண்டையைக் கடியில் போட்டார். "இது வடையா, பகோடாவா?" என்று அவர் கணவர் கேட்டதற்கு, "சாப்பிடுங்கள், சர்க்கார் தீர்மானித்துச் சொல்லும்" என்றாராம்.

1971-இல் அவர்கள் படேல் நகருக்குப் போனார்கள். அம்மா 1991-இல் காலமானாள். நாங்கள் வீடு மாறியபோது அம்மாவின் குறிப்பு நோட்டு எங்கேயோ போய்விட்டது. அதைத் தேடாத மூட்டை இல்லை. என் மனைவி கோயம்புத்தூர்க்காரி, அவள் மோர்க்குழம்பு நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு குழம்பு. தங்கையைக் கேட்டால் தனியா உண்டு என்பாள், தம்பி இல்லவே இல்லை என்பான். "பாட்டி எப்படித்தான் செய்வா?" என்று என் பெண் கேட்டபோது பதில் சொல்ல எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காமல், ருசியை மட்டும் குறை சொன்ன பிள்ளைகளுக்கு வேறென்ன கிடைக்கும்?

பீஜி மறைந்த செய்தி கேட்டு 2004-இல் படேல் நகர் போனேன். துக்க நாள்கள் கழிந்திருந்தன. சாப்பிடாமல் போகக்கூடாது என்று மருமகள் நிறுத்திவிட்டார். "உங்களுக்காக மத்ராஸி கடி" என்றார். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பெண்ணைக் கூப்பிட்டு அவர் இந்தியில் சொன்னது காதில் விழுந்தது: "பார்த்துக்கொண்டிரு. போதும் வந்தவுடனே காஸை அணைத்துவிடு."

எழுந்து போய், "போதும்" என்றால் என்ன என்று கேட்டேன். குழம்பில் ஏறும் முதல் நுரைக்கு அதுதான் பெயர் என்றார். மாமியார் சொல்லிக்கொடுத்ததாம். லாயல்பூர்ச் சொல்லாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தட்டில் சுரைக்காய் இருந்தது, கடலைமாவு ஒரு ஸ்பூன் இருந்தது, தனியாவும் இருந்தது. தம்பி தோற்றான். குறிப்பை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். அளவு இதுதான்: அரை லிட்டர் புளித்த தயிர், ஊறவைத்த துவரம்பருப்பு, கடலைப்பருப்பு வகைக்கு ஒரு ஸ்பூன், தனியா ஒரு ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், பச்சை மிளகாய் நான்கு, கால் மூடித் தேங்காய். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, கடலைமாவு கரைத்த தயிரில் மஞ்சளும் உப்பும் கூட்டிக் கலந்து, வெந்த காயில் ஊற்ற வேண்டும். தாளிக்கக் கடுகு, வெந்தயம், ஒரு வற்றல் மிளகாய், பெருங்காயம். கறிவேப்பிலை கிடைக்காத மாதங்களில் கொத்துமல்லி. போதும் வந்தவுடனே இறக்கிவிடவும்.