நோய்க்குப் பேர் வைப்பது யார்?

"எனக்கு ஏடிஎச்டி இருக்கு", "நான் பைபோலார்" என்று டிக்டொக் பார்த்துவிட்டுச் சொல்லும் நம்ம வயசுக்காரர்களைப் பெரியவர்கள் கேலி செய்கிறார்கள். கேலி செய்வது லேசு. ஆனால் மனநோய்க்குப் பேர் வைக்கும் அதிகாரம் இதுவரை யார் கையில் இருந்தது?

1851 இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு நோய் என்று எழுதினார். அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பேரும் வைத்தார். விடுதலைக்கு ஆசைப்பட்டால் பைத்தியமாம்! தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்துக்கு 1973 வரை ஆனது. படித்தவர்கள் வைத்த பேர் எல்லாமே சரியான பேர் இல்லை.

நம்ம பக்கம் வருவோம். கலஹாவுக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை போட்டார். ஆறு வருஷம் கழித்து, 1873 இல், பைத்தியர் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவருக்குச் சித்தம் சரியா இல்லையா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்தது. அதாவது நோய் என்று முடிவானால் அடுத்தது அடைப்புத்தான். 1926 இல் அங்கொடை ஆஸ்பத்திரி வந்தது. அந்த ஊர்ப்பேரே வசவாகிவிட்டது. "ஒன்னய அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்பதைக் கேட்காதவர் யார்?

அதனால் சனம் தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டது: "காத்துக் கருப்பு", "மனசு சரியில்ல", "தலப்பாரம்". தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனசு முடியாததைக் கணக்கப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தலைவலி என்றால்தான் புரியும். சுயமாக நோய் கண்டுபிடிப்பது செல்போனோடு வந்த பழக்கம் இல்லை.

பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985 இல் ஒரு கட்டுரையில் இதையே வேறு பக்கத்திலிருந்து கேட்டார். மேற்கில் மனச்சோர்வு நோய் எனப்படும் அதே துக்கத்தை, இங்கே ஒரு பௌத்தர் வாழ்வின் உண்மையாக எடுத்துக்கொள்ளலாம். அதையும் நோய் என்பதா?

அப்படியென்றால் டாக்டரே வேண்டாமா? அதுவும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பிஎச்க்யூ-9 இல் 9 கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. அது சலித்துப் பார்க்கும் கருவி மட்டுமே. அசதி, தூக்கக் குழப்பம், கவனமின்மை எல்லாம் இரத்தசோகையிலும் வரும், தைரொய்ட் குறைவிலும் வரும். இரத்தம் பார்க்காமல் தெரியாது. பைபோலார் உள்ளவர் சோர்வாக இருக்கும் காலத்தில் வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுத்தால் வெறிநிலைக்குப் போகலாம். இதையெல்லாம் ஒரு நிமிட வீடியோ சொல்லாது.

ஆகவே சுயமாகச் சொல்லிக்கொள்ளும் பேர் முடிவு இல்லை, முறைப்பாடு. அதைக் கேட்க ஆள் வேண்டும். 2005 மனநலக் கொள்கை, சேவையை அங்கொடையோடு நிறுத்தாமல் மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926. ஆனால் கலஹாவிலிருந்து போகும் ஒருத்தி "மனசு முடியல டாக்டர்" என்று தமிழில் சொல்வதை, பக்கத்தில் நிற்பவர் "தலைவலியாம்" என்று சிங்களத்தில் மாற்றிச் சொன்னால், அவள் நோய்க்குப் பேர் வைத்தது அவளும் இல்லை, டாக்டரும் இல்லை.