டிவியின் உள்ளீட்டு நினைவு

செட்டாப் பாக்ஸ், டிவிடி, கணினி என ஒரே டிவியில் பலவற்றை இணைக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் வைத்த நிறம், வெளிச்சம், ஒலி அளவுகளைத் தனித்தனியே காத்துவைத்து, கடைசியாகப் பார்த்த உள்ளீட்டையும் நினைவில் வைக்கும் வசதி.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்தில் இந்த நினைவு குமிழிலேயே இருந்தது. திருப்பிய இடத்தில் அது நிற்கும். மின்சாரம் போனாலும் மாறாது. எண்பதுகளில் வந்த விசிஆரும் ஆன்டெனா துளை வழியாகவே நுழைந்ததால், டிவிக்கு அது இன்னொரு சேனல், அவ்வளவுதான்.

ரிமோட் வந்ததும் குமிழ்கள் மறைந்தன. அளவுகள் எண்களாயின, அவற்றை வைக்க இடம் வேண்டியிருந்தது. மெக்கானிக்குகள் 'மெமரி ஐசி' என்று சொல்லும் எட்டுக்கால் சில்லு அந்த இடம். பரவலாகப் புழங்கிய 24சி08 வகையின் கொள்ளளவு 1,024 பைட். படத்தின் அகல உயரத்துக்கான தொழிற்சாலை அளவுகளும் அதில்தான் இருக்கும்; அது பழுதானால் படமே சுருங்கும்.

தமிழ்நாட்டில் உள்ளீட்டு நினைவின் அருமை செட்டாப் பாக்ஸோடு தெரிந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் அரசு வழங்கிய 14 அங்குல இலவச கலர் டிவிகளில் கேபிள் வயரை நேரே செருகினாலே போதுமானதாக இருந்தது. 2017இல் அரசு கேபிள் நிறுவனம் இலவச செட்டாப் பாக்ஸ் தரத் தொடங்கிய பிறகு, ஆவூர் போன்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிலும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களும் பாக்ஸின் படத்தைக் காட்டும் ஏவி மோடும் அன்றாடப் பேச்சாயின. கரன்ட் போய்த் திரும்பினால், கடைசியாகப் பார்த்த உள்ளீட்டை நினைவில் வைக்கும் டிவி ஏவியிலேயே விழிக்கும். அந்த வசதி இல்லாதது பழைய சேனலுக்குப் போய்ப் புள்ளிபுள்ளியாய் இரையும். வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்குப் பாக்ஸ் ரிமோட் தெரியும். டிவி ரிமோட்டில் ஏவி பட்டன் எங்கே என்று தெரியாது. பிள்ளைகள் வரும்வரை படம் கிடையாது. இவ்வளவு சிறிய நினைவை எல்லா டிவியிலும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும்.

கணினித் திரைகள் இந்த நினைவுக்கு வேறு வழியில் வந்தன. பல ஸ்கேன் அதிர்வெண்களை ஏற்கும் மல்டிசிங்க் திரையை என்இசி 1985இல் கொண்டுவந்தது. அடுத்து வந்த டிஜிட்டல் கட்டுப்பாட்டுத் திரைகள், ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் படத்தின் அளவையும் இடத்தையும் தனியே சேமித்தன.

2002 டிசம்பரில் வெளியான எச்டிஎம்ஐ, ஒரே வயரில் படத்தையும் ஒலியையும் தந்தது. இன்றைய டிவிகள் பலவற்றில் ஒரே துளைக்குள்ளும் சாதாரணப் படம், எச்டிஆர், டால்பி விஷன் என்ற மூன்று பட வகைகளுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் நினைவு துளையோடு கட்டப்பட்டது. பாக்ஸை முதல் துளையிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினால், பார்த்துப் பார்த்து வைத்த நிறம் முதல் துளையிலேயே தங்கிவிடும். மெனுவில் 'எல்லா உள்ளீட்டுக்கும்' என்ற தேர்வு இருந்தால் அதை முன்பே அழுத்தியிருக்க வேண்டும்.